செத்த பிறகும் கடைக்கு வருகிறவர்கள்: ‘டான் ஆஃப் த டெட்’ (1978)

ஜார்ஜ் ரொமேரோ எழுதி இயக்கிய ‘டான் ஆஃப் த டெட்’ படத்தை இதுவரை நான்கு முறை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான்கு முறையும் படம் முடிந்த கையோடு வாக்குவாதம் தொடங்கிவிட்டது. பேய்ப்படம் என்று நம்பி வந்த ஒருவர் பயமே வரவில்லை என்று நொந்துகொண்டார். இன்னொருவர் கால்மணி நேரத்துக்குள் எழுந்து போய்விட்டார். மூன்றாமவர், நுகர்வுக் கலாச்சாரத்தைக் கிண்டல் செய்கிறேன் என்று இரண்டு மணி நேரம் ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்றார். எழுந்து போனவரை நான் குறை சொல்ல மாட்டேன். படம் 1979இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஜேனட் மாஸ்லினே முதல் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தன்னால் உட்கார முடியவில்லை என்று தம் விமர்சனத்தில் எழுதினார். அதே படத்துக்கு இன்னொரு அமெரிக்க விமர்சகரான ரோஜர் ஈபர்ட் நான்கு நட்சத்திரங்கள் கொடுத்தார். அதன் அருவருப்பை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கலை என்றால் அடக்க ஒடுக்கமாக இருந்தாக வேண்டும் என்று யார் சொன்னது என்ற தொனியில் பாராட்டினார். இந்த இரண்டு எதிர்வினைகளுக்கும் படத்தில் போதிய காரணம் உண்டு. மூன்றாவது குற்றச்சாட்டோடுதான் எனக்கு வழக்கு. முடிவு வரை கதையைப் பேசாமல் அந்த வழக்கை நடத்த முடியாது என்பதால், படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடிருப்பவர்களைத் தின்னத் தொடங்கிவிட்ட காலம். பிலடெல்பியாவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கிறார்கள். மக்கள் தஞ்சம் புகவேண்டிய முகாம்களின் பட்டியல் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் பல முகாம்கள் மூடப்பட்டுவிட்டன, நம்பிப் போகிறவர்கள் சாவார்கள் என்று தெரிந்தும், பட்டியலை எடுத்துவிட்டால் நேயர்கள் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார்கள் என்று மேலாளர் எடுக்க மறுக்கிறார். அங்கே வேலை செய்யும் பிரான் என்ற பெண் தன் பொறுப்பில் அதை நிறுத்துகிறாள். கதையின் பெரும்பகுதி நடக்கும் மால் திரையில் வருவதற்கு வெகுநேரம் முன்பே, படத்தின் அங்கதம் இந்தச் சின்னச் சண்டையில் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான பார்வையாளர்கள் இதைக் கவனிப்பதில்லை. அடுத்து வரும் காட்சி அவ்வளவு கொடூரமானது. தங்கள் வீட்டுப் பிணங்களை ஒப்படைக்க மறுக்கும் கறுப்பின, போர்ட்டோ ரிக்க ஏழைகள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் காவல்துறையின் சிறப்புப் படை புகுகிறது. மாஸ்லின் எழுந்து போனதும் இந்தப் பகுதியில்தான் இருக்க வேண்டும்.

ஒப்பனையையும் ரத்தக் காட்சிகளையும் உருவாக்கிய டாம் சவீனி, வியட்நாம் போரில் ராணுவப் புகைப்படக்காரராக இருந்தவர். கடிபட்ட தோளிலிருந்து சதை பிய்ந்து வரும் விதத்தில் அந்த அனுபவம் தெரிகிறது. ஆனால் ரத்தத்தின் நிறத்தில் தெரிவதில்லை. அது ரோஸ்மில்க்குக்கும் பெயிண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு நிறம். நடமாடும் பிணங்களுக்குச் சாம்பல் நிறம் பூசினார்கள், படச்சுருளில் பலருக்கு அது நீலமாகப் பதிந்துவிட்டது. என்னோடு பார்த்தவர்களில் இளையவர்கள் இந்த நீல முகங்களைக் கண்டதும் சிரித்துவிட்டார்கள், அதன்பின் அவர்களால் பயப்பட முடியவில்லை. ரத்தம் இப்படிப் பளீரென்று இருப்பது சவீனிக்கும் பிடிக்கவில்லையாம். சித்திரக்கதை போல இருக்கட்டும் என்று ரொமேரோதான் விரும்பியிருக்கிறார். இவ்வளவு குரூரத்தையும் பார்த்துக்கொண்டே சிரிக்க முடிவதற்கு அந்தப் பொய்யான சிவப்பும் ஒரு காரணம். நிஜ ரத்தத்தின் நிறம் இருந்திருந்தால் இது வேறு படம்.

பிரான், அவள் காதலனும் ஹெலிகாப்டர் ஓட்டியுமான ஸ்டீபன், சிறப்புப் படையை விட்டு ஓடிவந்த பீட்டர், ரோஜர் என்று நால்வர் ஹெலிகாப்டரில் தப்பி, வழியில் ஒரு மாலின் மொட்டை மாடியில் இறங்குகிறார்கள். இந்த மால் செட் அல்ல. பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே 1969இல் திறக்கப்பட்ட மன்ரோவில் மால். அதை நடத்திய நிறுவனத்தாரோடு ரொமேரோவுக்குப் பழக்கம் இருந்தது. அவர்கள் ஒருமுறை மாலைச் சுற்றிக் காட்டியபோது, வாடிக்கையாளர் கண்ணில் படாத உள்ளறைகளில் அவசரகாலப் பொருட்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்ததிலிருந்துதான் கதை பிறந்தது. கடைகள் மூடிய பின் இரவில் தொடங்கி விடிகாலை வரை படம் பிடித்திருக்கிறார்கள்; கிறிஸ்துமஸ் அலங்காரம் மாட்டியிருந்த நாட்களில் படப்பிடிப்பையே நிறுத்திவைத்தார்கள். முன்பு ஒரு மாலில் இரவுப் பணி பார்த்த நண்பர் ஒருவர் என்னோடு இந்தப் படத்தைப் பார்த்தார். ஜாம்பிகள் எனப்படும் அந்த நடமாடும் பிணங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பளபளக்கும் கடைகளுக்குப் பின்னால் ஓடும் சிமெண்ட் நடைபாதைகளையும், சாவிகள் தொங்கும் பலகையையும், ஆளில்லாத இடத்தில் நகரும் படிக்கட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருப்பதையும் பார்த்து, ‘இது அப்படியே இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். 2018இல் அந்த மாலிலேயே ரொமேரோவுக்கு மார்பளவுச் சிலை வைத்தார்கள். 2025இல் வால்மார்ட் அந்த மாலை வாங்கிவிட்டது. இதை ரொமேரோ எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று நாமே சொல்லியிருப்போம்.

மாடியிலிருந்து கண்ணாடி வழியே கீழே பார்த்தால், மால் முழுக்கப் பிணங்கள் அலைந்துகொண்டிருக்கின்றன. இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள் என்று பிரான் கேட்கிறாள். ஏதோ உள்ளுணர்வு, முன்பு செய்ததன் நினைவு, இது அவர்கள் வாழ்க்கையில் முக்கியமான இடமாக இருந்திருக்கிறது என்று ஸ்டீபன் பதில் சொல்கிறான். படத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பதிலைத்தான். கன்னியாஸ்திரி, செவிலி, விளையாட்டு வீரர், ஹரே கிருஷ்ணா பக்தர் என்று அவரவர் உடுப்பிலேயே செத்தவர்கள், பனிச்சறுக்குத் தளத்தில் வழுக்கி விழுகிறார்கள், நகரும் படிக்கட்டில் ஏறத் தெரியாமல் சரிகிறார்கள். பின்னணியில் மால்களுக்கென்றே செய்த மாதிரியான அசட்டு உற்சாக இசை. ஜாம்பி என்றால் வாடிக்கையாளர், வாடிக்கையாளர் என்றால் ஜாம்பி. புரிந்துவிட்டது, அப்புறம் என்ன என்பதுதான் மூன்றாமவரின் குற்றச்சாட்டு.

அப்புறம்தான் படமே இருக்கிறது. ஜாம்பிகளை வைத்துச் செய்யும் கேலி உண்மையில் படத்தின் முன்பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது. அது வாசலில் ஒட்டிய விளம்பரம் மாதிரி. ரொமேரோவின் குறி உயிரோடிருக்கும் நால்வர் மீது. அவர்களோடு சேர்ந்து நம் மீதும்.

வாசல்களை லாரிகளால் அடைத்து, உள்ளே இருக்கும் பிணங்களையெல்லாம் சுட்டுத் தீர்த்து, மாலை இவர்கள் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள். லாரி ஓட்டும் போது வெற்றி போதையில் அஜாக்கிரதையாக இருந்த ரோஜர் கடிபட்டுச் சாகிறான். திரும்பி வராமல் இருக்க முயற்சி செய்வேன் என்று சாகும் முன் பீட்டரிடம் சொல்கிறான், பீட்டர் துப்பாக்கியோடு பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கிறான். போர்வைக்குள்ளிருந்து ரோஜர் எழுகிற அந்த மெதுவான நொடிதான் இந்தப் படத்தில் எனக்கு உண்மையாகவே பயம் தந்தது. மால் கைக்கு வந்தபின் நடக்கும் கடைக் காட்சிகளில் பார்வையாளர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறேன். விலை கேட்க ஆளில்லாத கடைகளில் இவர்கள் கோட்டுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள், கடிகாரம் கட்டுகிறார்கள், விளையாட்டு எந்திரங்களில் விளையாடுகிறார்கள். வங்கியில் நுழைந்து, இனி ஒரு பொத்தான்கூட வாங்க உதவாத பணத்தை, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டு, கண்காணிப்புக் கேமராவுக்குச் சிரித்துக் காட்டுகிறார்கள். பார்க்கிற எல்லோரும் இங்கே மலர்ந்து போகிறார்கள்; நான் என்றால் முதலில் எந்தக் கடைக்குப் போவேன் என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தது. ரோஜர் கடிபட்ட கதை எல்லோருக்கும் மறந்துவிடுகிறது. அந்த மறதியைத்தான் ரொமேரோ நம்மிடம் வாங்குகிறார், அதுவும் நம் கையாலேயே.

பிறகு அந்த மகிழ்ச்சி மெல்லப் புளிக்கிறது. இந்தப் பகுதி இழுவை என்பது பொதுவான புகார். எனக்கு இதுதான் படத்தின் உயிர். ஒளிந்து வாழும் மாடியறையைக் கடைச் சாமான்களைக் கொண்டு நாகரிகமான வீடாக்கிவிட்டார்கள், ஆனால் அங்கே செய்ய ஒன்றுமில்லை. பிரானும் ஸ்டீபனும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்துண்ண, பீட்டர் பரிமாறுகிறான். ஸ்டீபன் மோதிரங்களை நீட்ட, இப்போது வேண்டாம், அது நிஜமாக இருக்காது என்று பிரான் மறுக்கிறாள். கடை பொம்மை போல முகத்தில் ஒப்பனையை அப்பிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறாள். பீட்டர் மொட்டை மாடியில் தனியாகச் சுவரில் பந்தடிக்கிறான். பந்து தவறிக் கீழே, பிணக் கூட்டத்துக்குள் விழுகிறது. எந்த நிகழ்ச்சியும் வராத தொலைக்காட்சிப் பெட்டியை பிரான் அணைக்கிறாள், ஸ்டீபன் எழுந்து மறுபடி போடுகிறான், வெறும் புள்ளிகள் ஓடும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வசனம் அதிகம் இல்லாத இந்தக் காட்சிகளைப் பார்த்தபின், கீழே வாசல் கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டிருப்பவர்களுக்கும் மேலே சோபாவில் இருப்பவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தனியாக யாரும் கேட்க வேண்டியதில்லை.

மோட்டார் சைக்கிள் கொள்ளைக் கூட்டம் ஒன்று கதவுகளை உடைத்துக்கொண்டு வரும்போது படம் அப்பட்டமான கூத்தாகிவிடுகிறது. ஜாம்பிகளின் முகத்தில் கிரீம் பலகாரங்களை அப்புகிறார்கள், சோடாவைப் பீய்ச்சுகிறார்கள். சுற்றிலும் கொலை நடக்க, அந்தக் கூட்டத்தில் ஒருவன் காசு போட்டால் ரத்த அழுத்தம் சொல்லும் எந்திரத்தில் கையைக் கொடுத்துக்கொண்டு சாவகாசமாக உட்காருகிறான். பிணங்கள் அவனைப் பிய்த்துத் தின்றபின், பட்டைக்குள் மாட்டிய கை மட்டும் மிச்சம் இருக்கிறது, அளவுமானி பூஜ்யம் காட்டுகிறது. இதற்கு நான்கு முறையும் சிரிப்பு வந்தது, நான்கு முறையும் சிரித்தவர்கள் ஒருவரை ஒருவர் கொஞ்சம் கூச்சத்தோடு பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் இந்தக் கொள்ளைப் பகுதி அளவுக்கு மீறி நீள்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்து நிமிடமாவது வெட்டியிருக்கலாம்.

மறைந்திருந்தால் கொள்ளையர்கள் எடுத்ததை எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். பீட்டருக்கு அது தெரியும். ஸ்டீபனால் பொறுக்க முடியவில்லை. இது நம்முடையது, நாம்தான் பிடித்தோம் என்று முனகிக்கொண்டே சுடத் தொடங்குகிறான், அதோடு எல்லாம் கெட்டுவிடுகிறது. யாருடைய கடை, யாருடைய சரக்கு என்று அந்த இடத்தில் கேட்க எனக்கு நா துறுதுறுக்கும். சுடப்பட்டு, லிஃப்டுக்குள் கடிபட்டு, செத்து எழுந்த ஸ்டீபன், ஒரு விரலில் துப்பாக்கி தொங்க, கணுக்கால் மடிந்து தள்ளாடி வெளியே வருகிறான். அந்த நடைக்காகவே நடிகர் டேவிட் எம்கேயை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். வந்தவன் நேராகப் போவது, மாடிப்படியை மறைத்து இவர்களே எழுப்பிய பொய்ச் சுவருக்கு. மற்ற பிணங்கள் பின்தொடர, அதைப் பிய்த்து எறிகிறான். முன்பு செய்ததன் நினைவு, வாழ்க்கையில் முக்கியமான இடம் என்று மற்றவர்களைப் பார்த்து அவன் மாடியிலிருந்து சொன்ன விளக்கம் அப்படியே அவனுக்குப் பொருந்திவிடுகிறது. ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்ற நண்பருக்கு என் பதில் இந்தக் காட்சிதான்: சொன்னதைச் சொன்னவன் தலையிலேயே கொண்டுவந்து இறக்குவதற்கு இரண்டு மணி நேரம் தேவைப்பட்டிருக்கிறது.

முடிவைப் பற்றிய புகாரில் நான் புகார்தாரர்கள் பக்கம். பீட்டர் தன்னைச் சுட்டுக்கொள்ளத் துப்பாக்கியைத் தலையில் வைத்தவன், திடீரென்று மனம் மாறி, வீரதீர இசை முழங்கப் பிணங்களை அடித்துத் தள்ளிக்கொண்டு ஹெலிகாப்டருக்கு ஓடுகிறான். பீட்டரும் பிரானும் சாவதாகத்தான் ரொமேரோ முதலில் திட்டமிட்டிருந்தார். அதை மாற்றிய தடம் அந்த இசையிலேயே தெரிகிறது. இருந்தாலும் ஹெலிகாப்டரை ஓட்டப்போவது பிரான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். கர்ப்பிணி என்பதற்காகத் தன்னை ஓரமாக உட்கார வைக்கக் கூடாது, தனக்கும் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று படத்தின் நடுவிலேயே அவள் சண்டை போட்டு வாங்கிய உரிமை அது. கேலன் ராஸ் நடித்த இந்தப் பாத்திரம், அந்தக் காலத் திகில் படங்களில் கத்துவதற்காகவே வைத்திருந்த கதாநாயகிகளுக்கு நடுவில் தனித்து நிற்கிறது.

2004இல் ஸாக் ஸ்னைடர் எடுத்த மறுஆக்கத்தில் ஜாம்பிகள் ஓடுகின்றன, படமும் ஓடுகிறது. பயம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல தேர்வு. அலுத்துப்போய் உட்கார்ந்திருக்க அதில் யாருக்கும் நேரமில்லை என்பதால், நான் இங்கே பேசியது எதுவும் அதில் பெரிதாகக் கிடைக்காது. 1978 படத்தைத் தேடுகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடியது 127 நிமிடம். நான் பரிந்துரைப்பது அதைத்தான். தயாரிப்பில் பங்கெடுத்த இத்தாலிய இயக்குநர் டாரியோ அர்ஜெண்டோ, ஐரோப்பாவுக்காகத் தாமே வெட்டித் தொகுத்த பதிப்பு அதைவிடச் சுருக்கமானது. காப்ளின் என்ற இத்தாலிய ராக் இசைக்குழுவின் இசை அதில் அதிகம், கேலி குறைவு. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கடைசி முறை என்னோடு அரைமணி நேரம் மல்லுக்கு நின்ற நண்பர், முன்பு பார்த்திருந்தது அந்த இத்தாலியப் பதிப்பை என்பது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போதுதான் தெரிந்தது.