மணிக்கட்டைத் தட்டும் கடிகாரம்: ஆப்பிள் வாட்ச் எஸ்இயின் ஓசையற்ற அறிவிப்புகள்

ஸ்மார்ட்வாட்ச் வாங்க வருபவர்கள் திரையின் அளவையும் இதயத் துடிப்பு அளவீட்டையும் பேட்டரி தாங்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்; நாள் முழுவதும் அந்தக் கடிகாரம் தம்மை எப்படிக் கூப்பிடப் போகிறது என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. விற்பனைப் பட்டியல்களிலும் அது பற்றி ஒரு வரிக்கு மேல் இருப்பதில்லை. ஆனால் கையில் கட்டிய பிறகு நாம் அதிகம் பழகுவது அந்த அதிர்வோடுதான். ஆகவே, 2022 செப்டம்பரில் இந்தியாவில் 29,900 ரூபாய் தொடக்க விலையில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை ஆப்பிள் வாட்ச் எஸ்இயை அந்த ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். நான் பயன்படுத்துவது 44 மில்லிமீட்டர் அளவுள்ளது. ஓசை முழுவதையும் அணைத்துவிட்டு, தட்டலை மட்டும் நம்பிச் சென்னையில் அன்றாட வேலைகளைப் பார்க்கும் ஒருவருக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதே கேள்வி.

முதலில் மோட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விலை வேறுபாட்டின் பெரும்பகுதியைத் தோல் உணர்வது அங்கேதான். மலிவான கடிகாரங்களிலும் கைப்பட்டைகளிலும் பொதுவாக இருப்பது, ஒரு பக்கம் கனம் கூடிய சிறு எடையைச் சுழற்றி அதிரவைக்கும் மோட்டார். அது வேகம் பிடிக்கவும் நிற்கவும் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால் அதன் அதிர்வுக்குத் தொடக்கமும் முடிவும் தெளிவாக இராது. எல்லாம் ஒரே உறுமலாகவே வந்து சேரும். ஆப்பிள் 2015இல் தன் முதல் கடிகாரத்திலிருந்தே பயன்படுத்தி வரும் ‘டாப்டிக் எஞ்சின்’ வேறு வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு எடை, மின்காந்த விசையால் நேர்கோட்டில் முன்னும் பின்னும் தள்ளப்படுகிறது. சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்க முடிவதால், அது விரல் நுனியால் ஒருவர் மணிக்கட்டைத் தொட்டது போன்ற தனித்தனித் தட்டல்களைத் தருகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு நான் அணிந்திருந்த விலை குறைந்த கடிகாரம் ஒன்று, ஓசை அணைக்கப்பட்ட நிலையிலும், அமைதியான அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உறுமும். ஓசையற்ற அறிவிப்பு என்று அதைச் சொல்வதற்கில்லை. எஸ்இயின் தட்டல் என் கைக்கு வெளியே போவதில்லை.

தட்டல் நீண்ட உறுமலைவிட நன்றாக உணரப்படுவதற்கு உடலமைப்பிலும் காரணம் இருக்கிறது. தோலின் ஆழத்தில் உள்ள பாசினியன் நுண்ணுறுப்புகள், ஏறத்தாழ வினாடிக்கு 250 முறை என்ற அளவிலான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்பவை. ஆனால் மாறாத அழுத்தத்துக்கு அவை மிக விரைவில் பழகிவிடுகின்றன, தொடர் அதிர்வும் நேரம் செல்லச் செல்ல மங்கிவிடுகிறது. இடைவெளி விட்டு வரும் சிறு தட்டல்கள் அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதே சமயம், மணிக்கட்டு விரல் நுனியைப் போல நுட்பமாக உணரும் இடம் அன்று என்பதால் கடிகாரம் தோலோடு ஒட்டியிருப்பது அவசியமாகிறது. பட்டை தளர்ந்து கடிகாரம் மணிக்கட்டெலும்பின் மேல் ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல மோட்டாரும் பயன்படாது. எலும்பைத் தாண்டி முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அகலம் தள்ளிக் கட்டுவது நல்லது. சென்னை வியர்வையில் ரப்பர் போன்ற ஸ்போர்ட் பேண்டை இறுக்கிக் கட்டினால் பிற்பகலுக்குள் அரிப்பெடுக்கும். துளைகளுக்கு இடைப்பட்ட அளவுகளிலும் நிறுத்திக்கொள்ளக்கூடிய நைலான் ஸ்போர்ட் லூப்பே இந்த ஊருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

அமைப்பது எளிது. செட்டிங்ஸில் ஓசைக்கும் அதிர்வுக்குமான பகுதியில் சைலன்ட் மோடை இயக்கிவிட்டு, அதிர்வின் வகையை ‘டீஃபால்ட்’ என்பதிலிருந்து ‘ப்ராமினென்ட்’ என்பதற்கு மாற்ற வேண்டும். பின்னதைத் தேர்ந்தால், பொதுவாக வரும் சில அறிவிப்புகளுக்கு முன்னால் ஒரு கூடுதல் அதிர்வு வந்து கவனத்தை ஈர்த்துவிட்டு, பிறகு வழக்கமான தட்டல் வரும். கைவேலையில் இருப்பவர்களுக்கு இந்த முன்னறிவிப்பு பெரிய உதவி. இன்னொரு விதியையும் தெரிந்துகொண்டால் குழப்பம் குறையும்: ஐபோனைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அறிவிப்பு போனுக்கே வரும், போன் பூட்டியோ உறக்க நிலையிலோ இருந்தால் மட்டுமே அது மணிக்கட்டுக்கு வரும். ஒரே செய்திக்கு இரண்டு இடங்களில் அழைப்பு வராமல் இருப்பது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் உண்மையான அமைப்பு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாங்கிய நிலையில் ஐபோனுக்கு வரும் ஏறக்குறைய எல்லா அறிவிப்புகளும் கடிகாரத்திலும் தட்டும். உணவு விநியோகச் செயலியின் தள்ளுபடியும், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரும் காலை வணக்கமும், வங்கியின் பண எடுப்புச் செய்தியும் ஒரே மாதிரி தட்டினால், மூன்றாம் நாளே கை அதைப் பொருட்படுத்தாது. கடிகாரத்தோடு வரும் எழுந்து நிற்கும் நினைவூட்டலும் இந்த வகைதான்: அந்த மணி நேரத்தில் நீங்கள் எழுந்து நடமாடவில்லையென்றால் ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு தட்டு வரும். மேசையில் அமர்ந்து ஆழ்ந்து வேலை செய்பவருக்கு அது உதவியைவிட இடையூறே. முதலில் அணைத்தது அதைத்தான். என் கடிகாரத்தில் இப்போது மிஞ்சியிருப்பவை தொலைபேசி அழைப்பு, குடும்பத்தினரின் செய்தி, நாட்காட்டி, டைமர், அலாரம், வங்கி ஆகியவை மட்டுமே. இவ்வளவு குறைத்த பிறகுதான் தட்டல் ஒவ்வொன்றும் பார்க்கத் தகுந்ததாக ஆனது.

இந்தக் கடிகாரத்தின் மிகச் சிறந்த பயன் எது என்று கேட்டால், விடியற்கால அலாரம் என்றே சொல்வேன். ஒரே அறையில் வேறு வேறு நேரங்களில் எழுந்திருக்கும் குடும்பங்களில் போன் அலாரம் வீட்டையே எழுப்பிவிடும்; குழந்தை இருக்கும் வீட்டில் அதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. சைலன்ட் மோடில் எஸ்இயின் அலாரம் மணிக்கட்டில் மட்டும் தட்டுகிறது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரிவதில்லை. ஓசையில் திடுக்கிட்டு எழுவதற்கும், யாரோ கையைத் தொட்டு எழுப்பியது போல எழுவதற்கும் உள்ள வேறுபாடு முதல் வாரத்திலேயே புரிந்துவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: கடிகாரம் சார்ஜரில் இருக்கும்போது சைலன்ட் மோட் அலாரத்தையும் டைமரையும் கட்டுப்படுத்தாது, அவை உரக்கவே ஒலிக்கும். கையில் இல்லாத கடிகாரம் தட்டி என்ன பயன் என்ற நோக்கில் செய்யப்பட்ட சரியான ஏற்பாடு இது. ஆனால் இரவில் கழற்றி சார்ஜரில் போட்டுவிட்டு, விடியலில் மௌனத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். மிக ஆழ்ந்து உறங்குபவர்கள், பத்து நிமிடம் கழித்து ஒலிக்கும்படி போனிலும் ஓர் அலாரம் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த சிறப்பு, பலர் கூடி அமைதி காக்கும் இடங்களில் தெரிகிறது. மார்கழிக் கச்சேரியில் ராக ஆலாபனையின் நடுவே செல்போன் ஒலித்தால் பாடகர் தொடங்கிக் கடைசி வரிசை ரசிகர் வரை முகம் சுளிப்பார்கள். அதிர்வில் வைத்த போனும் மர நாற்காலியின் கைப்பிடியில் கடகடக்கும். இங்கே சைலன்ட் மோட் மட்டும் போதாது, ஏனெனில் தாளம் போடக் கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கடிகாரத் திரை ஒளிர்ந்து பின்வரிசையினரின் கண்ணைக் குத்தும். அதற்காகவே ‘தியேட்டர் மோட்’ இருக்கிறது. இரண்டு நாடக முகமூடிகள் கொண்ட அந்தக் குறியைத் தொட்டால் ஓசை அடங்குவதோடு, நாமாகத் தொடும்வரை திரையும் இருண்டே இருக்கும். தட்டல் மட்டும் வரும். அலுவலகக் கூட்டத்தில் அழைப்பு வந்தால் கவனத்தைச் சிதறவிடாமல் பேச்சைத் தொடர முடிகிறது. ஓசையை அணைக்க மறந்த வேளைகளுக்கு, திரையை உள்ளங்கையால் மூன்று வினாடி மூடி மௌனமாக்கும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு.

இனி, எங்கே இது பயன்படாது என்பதைப் பார்ப்போம். இரு சக்கர வாகனத்தில் போகும்போது தட்டல் அநேகமாகத் தெரியாது. கைப்பிடியின் வழியே இயந்திரத்தின் அதிர்வு மணிக்கட்டுக்கு ஓயாமல் வந்துகொண்டிருக்க, அதன் மேல் வரும் சிறு தட்டல் அதிலேயே மறைந்துவிடுகிறது. கம்பியைப் பிடித்தபடி பேருந்தில் நிற்கும்போதும், மாவு பிசையும்போதும், துணி அலசும்போதும் இதே கதைதான். எந்த நிறுவனத்தின் கடிகாரமாக இருந்தாலும் இந்த எல்லை உண்டு. மோட்டாரை வலுவாக்கினால் கொஞ்சம் தள்ளிப்போகலாம், நீங்காது. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகும்போது டைமரை நான் நம்பலாம், ஏனென்றால் நிறுத்தும்வரை அது தட்டிக்கொண்டே இருக்கும். ஒரே முறை தட்டிவிட்டு ஓய்ந்துவிடும் செய்திகளை அப்படி நம்ப முடியாது.

இரண்டாவது எல்லை பொருள் பற்றியது. தட்டல் நம்மைக் கூப்பிடுகிறது, காரணம் சொல்வதில்லை. கதவைத் தட்டுபவர் யார் என்று தெரியத் திறந்துதான் பார்க்க வேண்டும். அழைப்பு, செய்தி, டைமர் ஆகியவற்றின் தட்டல்கள் ஓரளவு வேறுபடுகின்றன, பழகியபின் இனம் காணலாம். ஆனால் அம்மாவின் செய்திக்கு ஒரு தட்டல், அலுவலகச் செய்திக்கு வேறொரு தட்டல் என்று நாமே வகுத்துக்கொள்ளும் வசதி இதில் இல்லை. இதைவிடப் பல மடங்கு விலை குறைந்த சியோமியின் மி பேண்ட் வரிசையில், அழைப்பு, அலாரம் போன்ற ஒவ்வொன்றுக்கும் நமக்குப் பிடித்த அதிர்வு முறையைப் போன் திரையில் தட்டியே பதிவு செய்துகொள்ள முடிந்தது. உறுமும் சிறு மோட்டாருக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரம், இவ்வளவு துல்லியமான எஞ்சினுக்குத் தரப்படாதது எனக்கு விளங்காத முடிவு.

அந்தத் துல்லியத்தைக் கொண்டு என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு இரண்டு சான்றுகள் கடிகாரத்திலேயே இருக்கின்றன. ஒன்று, ஆப்பிள் மேப்ஸின் வழிகாட்டல். ஆப்பிளின் பயனர் கையேடு விவரித்தபடி, வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் சீரான பன்னிரண்டு தட்டல்கள். இடப்பக்கமென்றால் இரண்டிரண்டாக மூன்று முறை. எண்ணத் தேவையில்லை, சீராக வருகிறதா விட்டு விட்டு வருகிறதா என்று உணர்ந்தால் போதும். தெரியாத தெருக்களில் போனைக் கையில் ஏந்தாமல் நடக்க இது உதவுகிறது. நடப்பவருக்கு மட்டும்தான், வண்டி ஓட்டுபவரின் நிலையை மேலே சொல்லிவிட்டேன்.

மற்றொன்று ‘டாப்டிக் டைம்’. இந்தக் கடிகாரத்தை வைத்திருப்போரில் பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது என்று நினைக்கிறேன். செட்டிங்ஸில் கடிகாரம் என்ற பகுதியில் இதை இயக்கிவிட்டு, சைலன்ட் மோடில் முகப்பின் மேல் இரண்டு விரல்களை வைத்து அழுத்தியிருந்தால், கடிகாரம் மணியைத் தட்டிச் சொல்லும். மூன்று முறைகள் உள்ளன. ‘டிஜிட்ஸ்’ முறையில் ஒவ்வொரு பத்து மணி நேரத்துக்கும் ஒரு நீண்ட தட்டும், மீதி மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுந்தட்டும், அதேபோல் பத்து நிமிடத்துக்கு ஒரு நீண்ட தட்டும், மீதி நிமிடங்களுக்குக் குறுந்தட்டுகளும் வரும். 3:42 என்றால் மூன்று குறில், நான்கு நெடில், இரண்டு குறில். துல்லியமானதுதான், ஆனால் 12:59 ஆகும்போது பதினேழு தட்டுகளை எண்ண வேண்டியிருக்கும். ‘டெர்ஸ்’ முறையில் ஒவ்வொரு ஐந்து மணி நேரத்துக்கும் ஒரு நெடில், மீதி மணிகளுக்குக் குறில், பிறகு ஒவ்வொரு கால் மணிக்கும் ஒரு நெடில். 7:40 என்றால் ஒரு நெடில், இரண்டு குறில், சற்று விட்டு இரண்டு நெடில்: ஏழரையைத் தாண்டிவிட்டது என்ற அளவில் தெரிந்துவிடும். நடைமுறைக்கு இதுவே ஏற்றது. மூன்றாவதான ‘மோர்ஸ் கோட்’ அதை அறிந்தவர்களுக்கு மட்டும். எதிரில் ஒருவர் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்ப்பது அவரை அவமதிப்பதாகும்; மேசைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து நேரம் அறிவதில் அந்தச் சங்கடம் இல்லை. பார்வையற்றவர்களுக்கோ இது வசதி என்பதைத் தாண்டிய ஒன்று, ஏனெனில் நேரத்தை உரக்கப் படிக்கவைத்துக் கேட்காமல் தாமாகவே அறிந்துகொள்ள முடிகிறது. செட்டிங்ஸில் டாப்டிக் டைம் தேர்வு மங்கலாகத் தெரிந்தால், நேரத்தை எப்போதும் உரக்கச் சொல்லும்படி கடிகாரம் அமைக்கப்பட்டிருக்கக்கூடும். சைலன்ட் மோடுக்குக் கட்டுப்பட்டுப் பேசும்படி அதை மாற்றினால் தெளிவாகிவிடும்.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நிறுவனம் அறிவித்துள்ள 18 மணி நேரம் என்பது பகலுக்குப் போதும், விடியல் அலாரத்துக்காக இரவிலும் அணிபவருக்குப் போதாது. குளிக்கும் நேரத்திலும் இரவு உணவு வேளையிலும் சார்ஜரில் வைக்கும் பழக்கம் வந்தாக வேண்டும், அதுவும் இந்த மாடலில் விரைவு சார்ஜிங் இல்லை. 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட மூன்றாம் தலைமுறை எஸ்இயில் விரைவு சார்ஜிங்கும், எப்போதும் ஒளிரும் திரையும் வந்துவிட்டன. புதிதாக வாங்குபவர் அதையே பார்க்கலாம். இரண்டாம் தலைமுறை நல்ல தள்ளுபடியில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு இவை இரண்டுமே உதவா, ஐபோன் கட்டாயம் வேண்டும். எந்தக் கடிகாரமானாலும், பணம் கட்டும் முன் கடையிலேயே அதைக் கையில் சரியான இறுக்கத்தில் கட்டிக்கொண்டு, சைலன்ட் மோடில் ஒரு நிமிட டைமர் வைத்துவிட்டு, விற்பனையாளரிடம் வேறு ஏதாவது பேசிக்கொண்டே கடைக்குள் நடந்து பாருங்கள். பேச்சின் நடுவே அது உங்களைத் திரும்ப வைக்கவில்லையென்றால், அந்தக் கடிகாரத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.