அக்வாவின் பின்சீற்றுக்குக் கீழே: ஏஜிஎம் பற்றரியா, சாதாரண பற்றரியா?

இரண்டு கிழமை கொழும்பில் நின்றுவிட்டு யாழ்ப்பாணம் திரும்பிய மறுநாள் காலை, கார் ரிமோட்டை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்து பவர் பொத்தானை அழுத்தினேன். எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் மங்கலாக ஒன்றாய் எரிந்தன, எங்கோ உள்ளே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டிக் டிக் என்று அடித்தது, பிறகு எல்லாம் அணைந்துவிட்டது. ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு வரவேயில்லை. கார் 2014ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா, பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட், என் கைக்கு வரும்போதே ஏழு வயது.

தொலைபேசியில் கேட்ட ஒரு கராஜில் "ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது" என்று உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அந்த விலையைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். ஆனால் இந்தக் காரில் பற்றரி இரண்டு. எஞ்சினைச் சுழற்றுவது 144 வோல்ற் பெரிய பற்றரி. காரின் கணினிகளை எழுப்பி, பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவது 12 வோல்ற் சின்னப் பற்றரி. சின்னது செத்தால், பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. பெட்டகம் நிறையப் பணம், சாவி கிணற்றுக்குள் என்ற கதைதான். விளக்குகள் மங்குவதும் ரிமோட் செத்துக் கிடப்பதும் அநேகமாகச் சின்னதன் வேலை.

மல்ரிமீற்றர் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்றுக்கு மேல் காட்டும், என்னுடையது 8.4. பொனற்றைத் திறந்து, பியூஸ் பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு மூடி முனையில் பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்ததும் 'ரெடி' வந்தது. அப்போது 14.1. அதாவது பெரிய பற்றரியிலிருந்து சின்னதுக்கு மின் ஏற்றும் மாற்றி நன்றாக இருக்கிறது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நிறுத்தினேன். அடுத்த நாள் காலை 11.6. ஏற்றினாலும் தங்கவில்லை. மின்கசிவு ஏதும் இருக்குமோ என்று, காரைப் பூட்டி, ஸ்மார்ட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு (கிட்ட இருந்தால் கார் தூங்காது) மீற்றரைத் தொடராக இணைத்துப் பார்த்தேன். 50 மில்லி அம்பியருக்கு நன்றாகவே கீழே, அதாவது கசிவு இல்லை. ஆகப் பிழை பற்றரியில்தான். அப்புறம் ஒரு எச்சரிக்கை: ஜம்பர் வயரில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தால் அந்த மாற்றியே கருகிப் போகலாம்.

சரி, எதைப் போடுவது? தொழிற்சாலையில் போட்டு வரும் ஏஜிஎம் (அமிலம் வெளியே சிந்தாமல் அடைத்த வகை) பற்றரியா, மலிவான சாதாரண பற்றரியா? பற்றரிக் கடையில் அண்ணை சொன்னது நியாயமாகத்தான் பட்டது: "தம்பி, உதில ஸ்டார்ட்டர் மோட்டரே இல்லை. பிறகென்னத்துக்கு ஏஜிஎம்? சாதாரண NS40 பற்றரி போடுங்கோ, பாதிக் காசில முடியும்." பலத்தை மட்டும் பார்த்தால் அவர் சொன்னது சரி. எஞ்சினைச் சுழற்றும் வேலை இல்லாத பற்றரிக்குப் பெரிய தெம்பு தேவையில்லை. விலை, உடனே கிடைப்பது, எந்தக் கடையிலும் உத்தரவாதத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது, எல்லாம் சாதாரண பற்றரியின் பக்கம்.

என்னைத் தடுத்தது அது இருக்கும் இடம். அக்வாவில் சின்னப் பற்றரி பொனற்றுக்குள் இல்லை. பின்சீற்றுக்குக் கீழே, ஆட்கள் இருக்கும் அறைக்குள். அதே சீற்றுக்குக் கீழேதான் பெரிய பற்றரியும். அதைக் குளிர்விக்கும் விசிறி, சீற்றோரத்து வலையால் அறைக் காற்றைத்தான் இழுக்கிறது. அமிலம் நீராக நிற்கும் சாதாரண பற்றரி, ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும், கூடவே நுண்ணிய அமிலத் துமியும் வரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். அந்த அளவுக்கு ஒரு காரில் சேருமா என்று பயமுறுத்த நான் வரவில்லை. எனக்குப் பயம் மெதுவான சேதம். அமில ஆவி அடிக்கடி பட்டால் செம்பு பச்சை பூக்கும். பெரிய பற்றரியின் கலங்களைக் கோர்ப்பது செம்புப் பட்டைகள்தான். சின்னதில் மிச்சம் பிடித்த காசு, பெரியதில் பல மடங்காகப் போய்விடும்.

ஏஜிஎம்மில் அமிலம் கண்ணாடி நார்ப் பாய்க்குள் ஊறி நிற்கும். உண்டாகும் வாயு பெரும்பாலும் உள்ளேயே திரும்ப நீராகிவிடும். மிஞ்சுவது ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காருக்கு வெளியே போகும். தொழிற்சாலையிலிருந்து வந்த பற்றரியில் S34B20R என்று இருக்கும். முதலில் வரும் S அடைத்த வகை என்பதைக் காட்டும். B20 அளவு. கடைசி R முனைகள் எந்தப் பக்கம் என்பது. அது மாறினால் வயர் எட்டாது. வாங்கும்போது வாயுக் குழாய் பொருத்தும் துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண பற்றரிகள் பலவற்றில் அது இருக்காது.

பாவித்த ஜப்பான் ஏஜிஎம்மும் கிடைக்கிறது, ரீகண்டிஷன் என்ற பெயரில். வேறு காரில் எத்தனை வருடம் இருந்தது, எத்தனை தடவை அடிமட்டம் வரை வடிந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் அந்தப் பக்கம் போகவில்லை.

புதிய ஏஜிஎம் போட்டு ஒன்றரை வருடம். ஒரு தொல்லையும் இல்லை, ஆனாலும் ஒன்றரை வருடத்தை வைத்து ஆயுளைப் பேச மாட்டேன். வெயிலில் நிற்கும் காருக்கு எந்தப் பற்றரியும் சீக்கிரம் சாகும். சாதாரண பற்றரியோடு மூன்று வருடமாக ஓடும் அக்வாவும் எங்கள் ஒழுங்கையிலேயே ஒன்று நிற்கிறது. பற்றரி பொனற்றுக்குள் இருக்கும் ஹைபிரிட் என்றால் நானும் மலிவானதைத்தான் வாங்கியிருப்பேன். ஏஜிஎம்முக்குப் பராமரிப்பு ஒன்றுதான்: மின் ஏற்றினால் 5 அம்பியருக்கு மேல் கொடுக்காமல் மெதுவாக. கராஜ்களின் பழைய பெரிய சார்ஜரில் மாட்ட விடாதீர்கள். பற்றரியை மாற்றிய பிறகு கதவுக் கண்ணாடி தானாக ஏறாவிட்டால் பதறத் தேவையில்லை. சுவிட்சை மேலே இழுத்துப் பிடித்துப் பழக்கினால் சரி.

விற்பனை விலையையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய அக்வாக்கள் கை மாறிக்கொண்டே இருந்தன. போன மாதம் மச்சான் ஒன்று பார்க்கப் போனபோது, முதலில் பின்சீற்றைத் தூக்கச் சொன்னேன். சாதாரண பற்றரி, முனையில் பச்சை, வாயுக் குழாய் எதிலும் மாட்டாமல் மடிந்து கிடந்தது. விலையைக் குறைக்க மச்சானுக்கு வேறு எதுவும் பேசத் தேவைப்படவில்லை.