டோரஸ் கிட்டாரும் அதன் ஆறாவது கம்பியும்

கையில் வாங்கியதும் முதலில் வந்தது ஏமாற்றம். கனமே இல்லை. செடார் மரத்தில் மேற்பலகை செய்த என்னுடைய கிட்டாரைத் தூக்கிப் பழகிய கைக்கு இது பொம்மைபோலத் தோன்றியது. உள்ளே ஒட்டியிருந்த, பழுப்பேறிய சீட்டில் அந்தோனியோ டி டோரஸ், அல்மேரியா, இரண்டாம் காலகட்டம் என்று ஸ்பானிய மொழியில் அச்சாகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்பானியக் கிட்டார் கைவினைஞரான அந்த டோரஸ் 1880களில் செய்தது.

மாட்ரிடில் பழைய கிட்டார்கள் விற்கும் ஒரு கடையின் பின்னறையில் நாற்பது நிமிடம் இதை வாசிக்க விட்டார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். சட்டைப் பொத்தான்கள் உரசாமலிருக்க மடியிலும் மார்பிலும் ஒரு துணியைப் போட்டார்கள். விலை என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்யப் போகிறேன்?

முதல் பத்து நிமிடம் வீணாயிற்று. என் கிட்டாரை மீட்டுவதுபோலவே அழுத்தி மீட்டினேன். சத்தம் நசுங்கி, தகரம்போல வந்தது. 1960களில் மாட்ரிட் கிட்டார் கைவினைஞர் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் செடார் பலகையையும் 664 மில்லிமீட்டர் கம்பி நீளத்தையும் பரவலாக்கிய வழியில் வந்தது என்னுடையது. பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று எண்ணிச் செய்த வகை அது, அடித்தால் கொடுக்கும். டோரஸின் 650 மில்லிமீட்டர் கிட்டார் அடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

சலிப்பில் கை தளர்ந்தபோதுதான் அது வாயைத் திறந்தது. ஸ்பானியக் கிட்டார் இசையமைப்பாளர் டாரெகாவின் சின்ன இசைத்துண்டு ஒன்றை, பாதித் தூக்கத்தில் இருப்பவன்போல வாசித்தேன். முதல் கம்பியின் மேல் சுரங்களில், என் கிட்டார் ஊசிபோல மெலிந்துவிடும் இடத்தில், இங்கே சதைப்பற்று இருந்தது. ஒரு சுரத்தை மீட்டி விரலை அசைத்தால் அது குறைவதற்கு முன் சற்று வளர்வதுபோலக் காதுக்குப் பட்டது. அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "இப்போதுதான் சத்தமாக வாசிக்கிறீர்கள்" என்றாள். நான் முன்பைவிடப் பாதி விசையில்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் மேற்பலகையில் இருக்கிறது. மெல்லிதாகச் சீவிய ஸ்புரூஸ் மரம், அதன் அடியில் விசிறிபோல விரியும் ஏழு மெல்லிய மரக்குச்சிகள். பலகை இலேசாக இருப்பதால் சின்ன விசைக்கே அசைந்துவிடுகிறது. கூடுதல் விசையை அதற்கு வைக்க இடமில்லை. விசிறி அமைப்பை டோரஸ் கண்டுபிடிக்கவில்லை, அவருக்கு முன்பே ஸ்பெயினில் இருந்தது. அதைப் பெரிய உடலுக்கும் மெல்லிய பலகைக்கும் பொருத்தியது அவர் கைத்திறன். மேற்பலகைதான் எல்லாம் என்று காட்டுவதற்காக, 1862இல் பக்கங்களையும் முதுகையும் அட்டையில் செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார். பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ரகசியம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருப்பதாக அவர் சொன்னாராம். அவரை அறிந்த பாதிரியார் ஒருவர் பிற்காலத்தில் எழுதிவைத்த செய்தி இது. இத்தனை கைத்திறன் உள்ள மனிதர் 1870 வாக்கில் செவில் நகரை விட்டு அல்மேரியாவுக்குத் திரும்பி, பீங்கான் பாத்திரக் கடை வைத்துப் பிழைத்தார். மறுபடியும் உளியை எடுத்தது 1875இல். சீட்டில் இருந்த இரண்டாம் காலகட்டம் அதுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தடித்த ஆறாவது கம்பியின் இரண்டாம் பிரெட்டில் (பிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) எஃப் ஷார்ப் என்ற சுரம் வருகிறது அல்லவா, அது அடங்கவே இல்லை. மற்ற சுரங்கள் பேச, இது மட்டும் உறுமியது. உறுமிய வேகத்தில் செத்தும் போனது. உடலுக்குள் இருக்கும் காற்றின் இயல்பான அதிர்வு அந்தச் சுரத்தோடு ஒன்றிவிட்டால் இப்படி ஆகும்: கம்பியின் ஆற்றலை எல்லாம் பெட்டி ஒரே மூச்சில் குடித்துவிடும். அந்தச் சுரம் வரும் இடத்திலெல்லாம் கட்டைவிரலை அடக்கியே வாசிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கம்பி பன்னிரண்டாம் பிரெட்டில் சுருதி சற்று ஏறி ஒலித்தது. மேற்பலகையில் மூன்று விரிசல்கள், ஒட்டிய தடங்களோடு. அரக்கு மெருகு வலது முன்கை படும் இடத்தில் தேய்ந்து வெறும் மரம் தெரிகிறது. இவை எதுவும் என்னை உறுத்தவில்லை. அந்த எஃப் ஷார்ப் உறுத்தியது. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசிக்க இதை எடுக்க மாட்டேன். பல குரல்கள் பின்னிப் போகும் இசையில் ஒரு குரல் திடீரென்று கத்தினால் பின்னலே கலைந்துவிடும். பாடும் மெட்டு ஒன்று மேலே, மெல்லிய துணைச் சுரங்கள் கீழே என்றிருக்கும் இசைக்கு, நான் தொட்டவற்றில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

டோரஸின் அளவுகளை வைத்து இன்று பலர் நகல் செய்கிறார்கள். அப்படி ஒன்று வாங்கப் போகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். கூட வருபவரை அறையின் மறுகோடியில் உட்கார வைத்து, மெதுவாக வாசியுங்கள். பிறகு ஆறாவது கம்பியில் முதல் நான்கு பிரெட்டுகளையும் ஒவ்வொன்றாக, ஒரே விசையில் மீட்டிப் பாருங்கள். எங்கே உறுமுகிறது என்பது கடையிலேயே தெரிந்துவிடும்.