"உங்க நாவலைப் புத்தகமா போடுறோம் சிஸ்டர்" என்று போன் வந்தால்

குடும்ப நாவல், காதல் நாவல் எழுதும் தோழிகள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டு முடித்த கதையை முதல் முறையாக அச்சுக்குக் கொடுக்கப் போகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். சென்னையில் உள்ள ஒரு பதிப்பகத்திடம் நான் ஏமாந்த கதை இது. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதை அப்படியே எழுதுகிறேன். அதே பேச்சு உங்களுக்கும் வந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

நான் திண்டுக்கல்லில் இருந்து எழுதுகிறேன். பகலில் வீடும் எங்கள் கடைக் கணக்கும் சரியாக இருக்கும். இரவு எல்லோரும் படுத்த பிறகு போனில்தான் டைப் செய்வேன். ஆன்கோயிங் கதை (தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் கதை) இருக்கும்போது வாரத்துக்கு மூன்று யூடி, அதாவது புது அத்தியாயம், கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தவறினால் "ரைட்டர்ஜி, எங்க போனீங்க?" என்று கேள்வி வந்துவிடும். வெளியில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இது பொழுதுபோக்கு. கட்டாயக் கல்யாணத்தில் ஆரம்பிக்கிற கதையில், அவன் மேல் அவளுக்கு நம்பிக்கை வருகிற இடத்தை நாற்பது எபி (அத்தியாயம்) வரைக்கும் இழுத்துப் பிடித்துக் கொண்டு போவது எவ்வளவு வேலை என்பது எழுதுகிறவளுக்குத்தான் தெரியும். ஹீரோ ஒரு இடத்தில் வார்த்தையை விட்டுவிட்டால், அவன் மனதார மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் கமெண்டில் விடமாட்டார்கள். அந்த மன்னிப்புக் காட்சியை நான் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியிருக்கிறேன். வாசகிகள் எங்கள் கதைக்குள் குடியிருக்கிறார்கள், அதற்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான்.

கதை முடிந்ததும் லிங்க்கை எடுத்துவிட்டு, பிழை திருத்தி, அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் போடுவேன். மாதா மாதம் கைக்கு வருகிற காசு அதில்தான். அதில் கிண்டில் செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றாலும் செலக்ட்டில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் 35தான். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

கதை முடிந்த சில வாரங்களில் அந்தப் பதிப்பகத்தில் இருந்து போன் வந்தது. "உங்க நாவலைப் புத்தகமா போடுறோம் சிஸ்டர். உங்களுக்கு ஒரு ரூபா செலவில்ல. புத்தகக் கண்காட்சியில நம்ம ஸ்டால்ல உங்க புக்குதான் முன்னாடி இருக்கும்." நந்தனத்தில் ஜனவரியில் நடக்கும் கண்காட்சியில் தன் புத்தகத்தைப் பார்க்க ஆசைப்படாத எழுத்தாளர் யார்? சரி என்றேன். ஒப்பந்தத்தை அனுப்பச் சொன்னேன்.

வந்தது ஒரே பக்கம். "நாவலின் அனைத்து உரிமைகளையும் பதிப்பகத்துக்கு அளிக்கிறேன்" என்று இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சு நூல் மட்டும், 500 பிரதி, மூன்று ஆண்டு, விலையில் பத்து சதவீதம் ராயல்டி, மறுபதிப்புக்கு என் எழுத்துப்பூர்வ சம்மதம், அட்டைப்படமும் ஐஎஸ்பிஎன்னும் (புத்தகத்தின் அடையாள எண்) பதிப்பகத்தின் செலவு என்று மாற்றி எழுதச் சொன்னேன். "எதுக்கு சிஸ்டர் இவ்வளவு? நம்ம ஒரு குடும்பம் மாதிரி" என்றார். கடைசியில் மாற்றித் தந்தார்கள், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முன்பணம் 5,000 ரூபாய் வந்தது. புத்தகத்துக்கு விலை 300. பத்து பிரதி வீட்டுக்கு வந்தது. அம்மா அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தார்கள்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்குப் பேச்சே இல்லை. கணக்குக் கேட்டால் "ஆடிட் நடக்குது", "ஆபீஸ் பையன் லீவு", "நூலக ஆர்டர் வரட்டும், சேர்த்துத் தர்றேன்" என்று ஏதாவது ஒன்று. ஒருவழியாக வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு வந்தது. விற்றது 180 பிரதி, ராயல்டி 5,400 ரூபாய். அதில் ஐஎஸ்பிஎன் கட்டணம் 3,000, அட்டை வடிவமைப்பு 2,500 கழிவு. முன்பணம் 5,000 ஏற்கெனவே கொடுத்தது. ஆக, நான் அவர்களுக்கு 5,100 ரூபாய் தர வேண்டுமாம்! கீழே ஒரு வரி: "பரவாயில்ல சிஸ்டர், அதை நாங்க கேக்க மாட்டோம்." அந்த வரியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. நாலு மாதம் தூக்கத்தை விட்டு எழுதியவளைக் கடன்காரி ஆக்கி, அதைத் தள்ளுபடியும் செய்கிறார்கள்.

ஐஎஸ்பிஎன் பற்றித் தெரியாதவர்களுக்கு: இந்தியாவில் அதற்குக் கட்டணமே கிடையாது. மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. பதிப்பகம்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை, எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். "ஐஎஸ்பிஎன்னுக்கு மூவாயிரம், ஐயாயிரம் கட்டுங்க" என்று யாராவது கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

500 பிரதியில் 180தான் போயிற்று என்பதை நான் நம்பியிருப்பேன். காதல் நாவல் எல்லாமே பறந்து விற்பதில்லை, கடைக்காரர் கழிவு போக மிஞ்சுவதும் கொஞ்சம்தான். ஆனால் கோயம்புத்தூர் வாசகி ஒருவர் தான் வாங்கிய பிரதியில் பிடித்த பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு வந்த பத்து பிரதியிலும் 214ஆம் பக்கத்தில் ஒரு பிழை உண்டு. ஹீரோ பெயர் கௌதம். அந்த ஒரு இடத்தில் மட்டும் "கார்த்திக்" என்று அச்சாகிவிட்டது. என்னுடைய பழைய கதையின் நாயகன் பெயர் அது. புத்தகம் வந்த அன்றே பதிப்பகத்துக்குச் சொன்னேன். "அடிச்சாச்சு சிஸ்டர், மறுபதிப்புல பார்த்துக்கலாம்" என்றார்கள். வாசகி அனுப்பிய அதே 214ஆம் பக்கத்தில் கௌதம் என்று சரியாக இருந்தது. முன்பக்கங்களையும் எடுத்து அனுப்பச் சொன்னேன். பதிப்பு விவரத்தில் அதே "முதல் பதிப்பு", அதே மாதம், அதே விலை. தாள் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அடித்து முடித்த புத்தகத்தில் பிழை தானாகத் திருந்தாது. என்னிடம் கேட்காமல் மறுபடி அடித்திருக்கிறார்கள், எத்தனை என்று இன்றுவரை தெரியாது.

இதற்குள் அமேசானில் இருந்து மின்னஞ்சல். செலக்ட்டில் இருக்கும் என் நூல் வேறொரு இடத்தில் மின்னூலாகக் கிடைக்கிறது, விளக்கம் தரவும் என்று. தேடிப் பார்த்தால் பதிப்பகம் தன் பெயரில் வேறொரு செயலியில் மின்னூலை ஏற்றி விற்றுக்கொண்டிருக்கிறது. ஒப்பந்தத்தில் மின்னூல் என்ற சொல்லே இல்லை. என் கதை என்னுடையதுதான் என்று நான் நிரூபிக்க வேண்டி வந்தது. தளத்தில் எபி போட்ட தேதிகள், ஒப்பந்தத்தின் நகல் எல்லாம் அனுப்பித்தான் கணக்கு தப்பித்தது. அந்தக் கணக்கு முடங்கியிருந்தால் என் மற்ற நாவல்களின் வருமானமும் நின்றிருக்கும்.

அப்புறம் ஆடியோ. "சிஸ், உங்க கதையை சமைச்சுக்கிட்டே கேட்டு முடிச்சேன், வாய்ஸ் சூப்பர்" என்று ஒரு வாசகி மெசேஜ் போட்டார். எந்த வாய்ஸ்? நான் யாருக்கும் ஆடியோ கொடுக்கவே இல்லையே. யூடியூபில் முழு நாவலும் வாசிக்கப்பட்டுக் கிடக்கிறது, விளம்பரத்தோடு. இப்போது நம் வாசகிகளில் நிறையப் பேர் படிப்பதை விடக் கேட்கிறார்கள். அடுப்படியில், தையல் மெஷின் முன்னால், பஸ்ஸில். அதனால் வருங்காலத்தில் நம் கதைக்குப் பெரிய வருமானம் ஆடியோவில்தான் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். பதிப்பகங்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுக்க ஒரு படிவம் இருக்கிறது. வக்கீல் இல்லாமலே நாமே கொடுக்கலாம். கொடுத்தேன், வீடியோவை எடுத்துவிட்டார்கள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், பத்து வேலை நாட்களுக்குள் நாம் நீதிமன்றம் போனதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். அதனால் புகார் கொடுக்கும் முன்பே காகிதங்களைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மறுப்பு வரவில்லை, அந்தச் சேனல் நடத்தும் பெண்ணிடம் இருந்து போன்தான் வந்தது. அழுதுகொண்டே பேசினார். மூன்று நாவல்களுக்கு ஆடியோ உரிமை என்று சொல்லி அதே பதிப்பகம் அவரிடம் பணம் வாங்கியிருக்கிறது. பதிப்பகத்தின் லெட்டர்பேடில் "ஒலி வடிவ உரிமை எங்களிடம் உள்ளது" என்று கையெழுத்துப் போட்ட கடிதமும் கொடுத்திருக்கிறது. அந்தக் கடிதத்தின் நகலை அவரே எனக்கு அனுப்பினார். தேதியைப் பார்த்தேன். என் அச்சுப் புத்தகம் வெளிவருவதற்கு முந்தைய மாதம். "குடும்பம் மாதிரி" என்று என்னிடம் பேசிக்கொண்டே அங்கே விற்றிருக்கிறார்கள். அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவரும் ஏமாந்தவர்தான்.

பதிப்பாளரைக் கேட்டேன். முதலில், "ஆடியோ எல்லாம் புரமோஷன்தான் சிஸ்டர், உங்க பேர் நாலு பேருக்குத் தெரியும்ல" என்றார். கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. "கேஸ் போடணும்னா சென்னைக்கு வந்து போடுங்க. பொம்பள அலைய முடியுமான்னு பாருங்க."

இது வெறும் மிரட்டல். பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 62 படி, உரிமையாளர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். திண்டுக்கல்லில் இருக்கும் நான் திண்டுக்கல்லிலேயே போடலாம், அலைய வேண்டியவர் அவர்தான். இதை எனக்குச் சொன்ன வக்கீல் மூலமாகத்தான் நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் போனதும் செயலியில் இருந்த மின்னூல் காணாமல் போய்விட்டது. பணமும் அச்சகத்தின் ரசீதும் இன்னும் வரவில்லை.

நான் வரி வரியாக மாற்றி எழுதச் சொன்ன அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்தச் சண்டையில் எனக்குக் கையில் எதுவுமே இருந்திருக்காது. நீங்கள் கையெழுத்துப் போடும்போது இன்னும் மூன்று விஷயங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அச்சக ரசீதின் நகல் உங்களுக்கு வர வேண்டும். கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை குறிப்பிட்ட தேதியில் வர வேண்டும், வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து. மின்னூல், ஆடியோ, மொழிபெயர்ப்பு, வெப் சீரிஸ் எல்லாம் ஆசிரியரிடமே இருக்கும் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். "இதெல்லாம் வழக்கமில்ல சிஸ்டர்" என்பார்கள். பத்து பிரதி புத்தகத்துக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 19 உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். உரிமையை எழுதிக் கொடுத்தால் எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த இடத்துக்கு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம்தான், அதன் பிறகு உரிமை உங்களுக்கே திரும்பிவிடும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது காலாவதி ஆகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. வாய்மொழியாகச் சொன்னது கணக்கில் வராது, கையெழுத்து வேண்டும். "நீங்க போன்ல ஓகே சொன்னீங்களே" என்று இவர்கள் என்னிடமும் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்தச் சேனல் பெண் வாங்கிய மூன்று நாவல்களில் ஒன்றுதான் என்னுடையது. மற்ற இரண்டையும் எழுதியவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டேன், அவருக்கும் ஆடியோ பற்றி எதுவும் தெரியவில்லை. இன்னொருவர் புனைபெயரில் எழுதுகிறவர், தொடர்பு கிடைக்கவில்லை. சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குச் சமீபத்தில் நாவல் கொடுத்தவர்கள், யூடியூபில் உங்கள் கதையின் பெயரையும் ஹீரோ, ஹீரோயின் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். சில இடங்களில் தலைப்பை மாற்றித்தான் போடுகிறார்கள். உங்கள் கதை இருந்தால் முதலில் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். சேர்ந்து நோட்டீஸ் அனுப்பலாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.