ப்ரியஸ் ப்ளக்-இன்: பேட்டரிக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

ப்ளக்-இன் என்றால் சுவர் ப்ளக்கில் சார்ஜ் செய்து கொஞ்ச தூரம் மின்சாரத்திலும், பிறகு பெட்ரோல் எஞ்சினிலும் ஓடும் கார். டொயோட்டா 2012-ல் விற்ற முதல் ப்ரியஸ் ப்ளக்-இன்னில் இருந்தது 4.4 கிலோவாட்-மணி பேட்டரி. கரண்ட் பில் கணக்கில் 4.4 யூனிட். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ கணக்குப்படி அது மின்சாரத்தில் ஓடும் தூரம் 11 மைல், சுமார் 18 கி.மீ. அதற்குள்ளும் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால் எஞ்சின் விழித்துக்கொள்ளும். அடுத்த தலைமுறையான 2017 ப்ரியஸ் ப்ரைமில் 8.8 யூனிட், 40 கி.மீ. 2023-ல் 13.6 யூனிட், 71 கி.மீ. தினம் 50 கி.மீ. ஓட்டுபவருக்குக் கடைசி வண்டிதான் சரி.

முதலிலேயே பெரிய பேட்டரி வைக்காததற்குக் காரணம் விலை. ஆனால் பேட்டரியைச் சிறிதாக்கினால் செலவு அதே அளவு குறைவதில்லை. காண்டாக்டர் (பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்), பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பகுதி), கூலிங், உறை, வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் எல்லாம் 60 யூனிட் மின்காருக்கும் வேண்டும், 9 யூனிட்டுக்கும் வேண்டும். சின்ன பேக்கில் இந்தச் செலவு ஒவ்வொரு யூனிட் தலையிலும் கனமாக விழுகிறது.

செல் விஷயம் இன்னும் முக்கியம். 60 யூனிட் பேக் 150 கிலோவாட் கொடுத்தால் அது 2.5 சி, அதாவது ஒரு மணி நேரத்தில் காலியாக்கும் வேகத்தைப் போல 2.5 மடங்கு. 10 யூனிட் பேக்கிடம் 80 கிலோவாட் கேட்டால் 8 சி. அதைச் சூடேறாமல் கொடுக்க செல்லுக்குள் தகடுகளின் மேல் உள்ள எலக்ட்ரோடு பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். அப்போது ஒரு யூனிட்டுக்குச் செப்புத் தகடும் அலுமினியத் தகடும் அவற்றைப் பிரிக்கும் மெல்லிய செப்பரேட்டர் படலமும் கூடுதலாகச் செலவாகும். முழு மின்காருக்கான யூனிட் விலையைக் காட்டி ப்ளக்-இன் விலையைக் கணக்குப் போடுவது அதனால்தான் தப்பாகிறது.

வாங்கிய யூனிட் முழுவதும் கைக்கும் வராது. 2011 செவ்ரோலெட் வோல்ட்டின் 16 யூனிட்டில் ஓட்டத்துக்குக் கிடைத்தது சுமார் 10.4 தான். அதே தூரம் ஓட, 40 கி.மீ. பேட்டரி 400 கி.மீ. பேட்டரியைப் போலப் பத்து மடங்கு சைக்கிள் (சார்ஜ் ஏறி இறங்கும் சுற்று) பார்க்கும். ஆயுளைக் காக்க முழுக்க நிரப்பாமலும் முழுக்கக் காலியாக்காமலும் மேலும் கீழும் இடம் விட்டே ஆக வேண்டும்.

இங்கேதான் சீனக் கார் நிறுவனமான பிஒய்டி சரியாக யோசித்தது. அதன் ப்ளக்-இன் காரான சின் ப்ளஸ் டிஎம்-ஐயில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாத, நிறைய சைக்கிள் தாங்கும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல். விலை குறைந்த அடிப்படை மாடலில் 8.3 யூனிட். 2024 பிப்ரவரியில் வந்த பதிப்பு சீனாவில் 79,800 யுவானிலிருந்து விற்றது. மலிவான ப்ளக்-இன்னுக்கு இப்போதைக்கு இதுதான் நல்ல வழி.

பழைய 2017 ப்ரைம் வாங்குபவர்கள் கவனிக்க: பேட்டரியால் டிக்கித் தளம் உயர்ந்திருக்கும், இருக்கை நான்குதான். மின் ஓட்டம் தீரும்வரை ஓட்டிவிட்டு, சுவர் ப்ளக்கில் மீட்டர் வைத்து முழுசாகச் சார்ஜ் செய்யுங்கள். நல்ல பேக் 6 யூனிட்டுக்குச் சற்று மேல் இழுக்கும். 5-ஐத் தாண்டவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.