மூன்றே நாளில் மூட்டுவலி போனது, அங்கேதான் நான் ஏமாந்தேன்

பாபநாசம், கும்பகோணம் பக்கம் மூட்டுவலிக்கு லேபிள் இல்லாத பொட்டலத்தில் சூரணமும் கறுப்பு உருண்டையும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். அதற்கு முன் ஒன்று. படித்துப் பயந்துபோய் இன்று ராத்திரியே அதைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எனக்கு 43 வயது. வீட்டிலேயே தையல் வேலை. 2023 பொங்கலுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த நாட்களில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. கத்தரிக்கோல் பிடிக்கவே ஒன்பது மணி ஆகிவிடும். வலது கை மட்டும் வலித்திருந்தால் வேலை அலுப்பு என்று விட்டிருப்பேன். இரண்டு கையிலும் ஒரே கணுக்களில் வீக்கம். தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனையில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. இரண்டும் பாசிட்டிவ். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்றார். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள், ஃபோலிக் ஆசிட், தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். ஏன் வாரம் ஒரு நாள், எத்தனை நாளில் கேட்கும், என்ன தொந்தரவு வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எழுதியது சரியான மருந்துதான் என்று இன்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மூன்று நிமிடத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. மெடிக்கலில் இருந்த பையன், "இது கேன்சர் மாத்திரைக்கா, பார்த்துச் சாப்பிடுங்க" என்றான். வீடு வரும்வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போட்டால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டல். சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஐந்து வாரம் ஆகியும் வலி இருந்தபடியே இருந்தது.

அப்போதுதான் எங்கள் தெரு அக்கா ஒருவர், பொட்டலத்தில் மருந்து கொடுக்கிற ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். அவருக்கு முழங்கால் வலி, அங்கே வாங்கியதில் நன்றாகக் கேட்கிறது என்றார். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'முடக்குவாதம் நிரந்தர குணம்' என்று அந்த வைத்தியருடைய நோட்டீஸ் ஒட்டியிருக்கும். வாத நோயைக் குணப்படுத்துவதாக இப்படி விளம்பரம் செய்வதையே 1954ஆம் வருடச் சட்டம் ஒன்று தடுக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

வைத்தியர் நாடி பார்த்தார். என் மருந்துச்சீட்டைக் கையில் வாங்கி, "அம்மாடி, இதை இன்னிக்கே தூக்கிப் போடு, ஈரலைத் தின்னுடும்" என்றார். இருபது நாளைக்கு ஒரு பொட்டலம் சூரணம், நாற்பது உருண்டை, 2,200 ரூபாய். பில் கிடையாது. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டேன். பரம்பரை ரகசியம் என்றார். கத்தரிக்காய், கருவாடு கூடாது என்று பத்தியம் சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில் என் விரல் மடங்கியது. பொய் சொல்லவில்லை, அழுதுவிட்டேன். குடத்தை நானே தூக்கினேன். பத்து நாளில் பழையபடி மெஷினில் உட்கார்ந்தேன். டாக்டர் மருந்தை அன்றோடு விட்டேன்.

இந்த இடத்தைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முடக்குவாதத்தின் வேரைப் பிடிக்கிற மருந்து எதுவும் மூன்று நாளில் கேட்காது. மெத்தோட்ரெக்சேட்டுக்கே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். நான் ஐந்தாவது வாரத்தில் விட்டுவிட்டேன். மூன்று நாளில் வீக்கமும் வலியும் சேர்ந்து மாயமானால், அந்த மருந்துக்குள்ளே வீக்கத்தைச் சட்டென்று அடக்குகிற ஸ்டீராய்டு இருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஆடி மாதம் வரும்போது முகம் உப்பி வட்டமாகிவிட்டது. ரத்தம் ஊறுகிறது என்றார் வைத்தியர். பசி தாங்காது, தூக்கம் வராது, லேசாக இடித்தாலும் தோலில் நீலம் பாய்ந்தது. மாமியாருக்கு பி.பி. மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் சர்க்கரை பார்க்கிறேன் என்றார். 286. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. வலி இல்லை என்ற ஒன்றே போதுமாக இருந்தது.

தீபாவளித் துணி நெருக்கடி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. உருண்டை தீர்ந்தும் போய் வாங்க முடியவில்லை. நான்காம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. வாந்தி, தலைசுற்றல், பி.பி. இறங்கிக்கொண்டே போனது. ஆட்டோவில் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் என் முகத்தையும் கையில் இருந்த நீலத்தையும் பார்த்து, "மூட்டுவலிக்கு நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். காலையில் ரத்தத்தில் பார்த்த கார்டிசால், அதாவது உடம்பு தானே சுரக்கிற ஸ்டீராய்டு, இருக்க வேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை. மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பி தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்து. நிறுத்திவிடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்காகத்தான். என்னை அன்று பிழைக்கவைத்ததும் ஸ்டீராய்டு ஊசிதான். அந்த மருந்து எதிரி இல்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாமல் உள்ளே போனதுதான் என்னை அடித்தது.

பன்னிரண்டு தடவை வாங்கியிருக்கிறேன், 26,400 ரூபாய். அது போகட்டும். கை எக்ஸ்ரேயில் இரண்டு விரல் கணுக்களில் எலும்பு அரித்திருந்தது. அது இனி திரும்பாது. என் கணவர் போய்க் கேட்டபோது, "பத்தியம் இருந்திருக்க மாட்டா" என்று பதில் வந்தது.

பிறகு திருச்சியில் ஒரு ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத நோய் நிபுணர்) அம்மாவிடம் காட்டினோம். அரை மணி நேரம் உட்காரவைத்து ஒவ்வொரு மருந்தாகச் சொன்னார். மெத்தோட்ரெக்சேட் கேன்சருக்கும் கொடுப்பதுதான், ஆனால் அங்கே கொடுக்கும் அளவு பல மடங்கு. நமக்கு வாரம் ஒரு நாள் சிறிய அளவு. தப்பித்தவறி தினமும் போட்டுவிட்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிர் போகும் என்று அட்டையில் கிழமையை எழுதிக் கொடுத்தார். ஈரல் பயத்துக்குப் பதில் ரத்தப் பரிசோதனை: ஆரம்பத்தில் மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மது தொடக்கூடாது. குழந்தை எதிர்பார்க்கிற பெண்கள் இதைச் சாப்பிடவே கூடாது, அவர்களுக்கு சல்ஃபசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாதிரி வேறு வழி இருக்கிறது என்றார். ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்குக் கண் பரிசோதனை வேண்டும். இவற்றில் அடங்காவிட்டால் லெஃப்ளூனோமைடு, டோஃபாசிடினிப் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற அடலிமுமாப் ஊசி என்று மேலே போகலாம். ஊசிக்குச் செலவு அதிகம், போடும் முன் உடம்பில் டி.பி. ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் மாமனாருக்கு டி.பி. இருந்தது. அதைச் சொன்னதும் குறித்துக்கொண்டார்.

என்னிடமே கேட்டார், எது தோதுப்படும் என்று. நான் மெத்தோட்ரெக்சேட்டுக்கே திரும்பினேன். சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுப் படுக்கச் சொன்னார், ஃபோலிக் ஆசிட்டைக் கூட்டினார். குமட்டல் பாதிக்கு மேல் குறைந்தது. அப்படியும் ஒத்துவராவிட்டால் இதையே தோலுக்கடியில் ஊசியாகப் போடலாமாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த வைத்தியர் வாசலை நான் மிதித்திருக்க மாட்டேன். பிரட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையை ஏழு மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். சர்க்கரையும் இறங்கியது.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனையிலேயே படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். உரிமம் பெற்ற சித்த மருந்தின் லேபிளில் உரிம எண், பேட்ச் எண், சேர்மானம், தேதி எல்லாம் இருக்கும். என் பொட்டலத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. மீதி இருந்த சூரணத்தையும் பழைய உருண்டைத் தாளையும் சேர்த்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கி எறியாமல் அப்படியே டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

என்னை அங்கே கூட்டிப்போன அக்கா இன்னும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் என் எக்ஸ்ரேயைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். இப்போதைக்கு நிறுத்தாதீங்க என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் திருச்சி போகிறோம்.