ஹைவே 61-ல் ஒரே ஒரு இரவு: கிளார்க்ஸ்டேலா, விக்ஸ்பர்க்கா, நாச்செஸா?

மெம்ஃபிஸிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஐ-55 நெடுஞ்சாலையைப் பிடித்து, ஏறக்குறைய 400 மைலை ஆறு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். நடுவில் ஜாக்சனில் ஒரு காபி, அவ்வளவுதான். மிசிசிப்பி மாநிலத்தின் தலையிலிருந்து கால்வரை வண்டி ஓட்டிக்கொண்டு வந்தும் அதைப் பார்க்காமலே போய்விடுகிறோம். இதற்கு மேற்கே, ஆற்றுப் பக்கமாக ஹைவே 61 போகிறது. எழுபது, எண்பது மைல் கூடும். ஆனால் வழியில் ஒரு ராத்திரி தங்க முடிகிறவர்களுக்கு அமெரிக்கத் தெற்கில் இதைவிட நல்ல சாலை எனக்குத் தெரியாது.

எங்கே தங்குவது என்பதுதான் கேள்வி. மெம்ஃபிஸிலிருந்து 75 மைலில் கிளார்க்ஸ்டேல். அங்கிருந்து தெற்கே சுமார் 145 மைல் போனால் விக்ஸ்பர்க். இன்னும் 70 மைல் தள்ளி நாச்செஸ். மூன்றுமே சின்ன ஊர்கள். 2020 கணக்கெடுப்பின்படி விக்ஸ்பர்க்கில் இருபத்தோராயிரம் பேர் சொச்சம், மற்ற இரண்டிலும் பதினைந்தாயிரத்துக்கும் கீழே. சுற்றுலாக் கையேட்டைப் புரட்டினால் நாச்செஸ் என்றுதான் இருக்கும். என்னைக் கேட்டால் கிளார்க்ஸ்டேல் என்பேன்.

நாச்செஸ்

அழகில் நாச்செஸுக்குப் போட்டியே இல்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1716-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டிய இடம் இது. ஊர் ஆற்றிலிருந்து இருநூறு அடி உயர மேட்டின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. மாலையில் அந்த விளிம்போரம் நடந்தால், கீழே மிசிசிப்பி வளைந்து போவதும், அக்கரையில் லூசியானா கண்ணுக்கெட்டிய வரை தட்டையாக விரிந்து கிடப்பதும் ஒரே பார்வையில் கிடைக்கும். உள்நாட்டுப் போரில் ஊர் பெரிய சேதமில்லாமல் தப்பியதால் பருத்திப் பணத்தில் எழும்பிய மாளிகைகள் இன்னும் நிற்கின்றன. 1932 முதல் வசந்தகாலத்தில் வீடுகளைத் திறந்துவிட்டு 'பில்கிரிமேஜ்' நடத்துகிறார்கள்.

ஒரே ஒரு மாளிகைக்குத்தான் நேரம் என்றால் லாங்வுட்டைப் பாருங்கள். ஹாலர் நட் என்ற பருத்தித் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கிய எண்கோண வீடு. உச்சியில் வெங்காய வடிவக் கூம்பு. மொத்தம் 32 அறைகள் போடத் திட்டம். 1861-ல் போர் மூண்டதும் பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்த தச்சர்கள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வடக்கே கிளம்பிவிட்டார்கள். தரைக்குக் கீழ்த்தளத்தில் ஒன்பது அறைகள் மட்டும் முடிந்தன. 1864-ல் நட் இறந்தார். குடும்பம் அந்த ஒன்பது அறைகளிலேயே வாழ்ந்தது. மேலே ஏறிப்போனால் பூச்சு காணாத செங்கல், திறந்து கிடக்கும் உத்தரங்கள், அந்தக் காலத்துப் பெட்டிகள், பெயின்ட் வாளிகள். நாச்செஸில் எனக்குப் பிடித்த வீடு இதுதான். மற்ற மாளிகைகள் தங்களைப் பற்றிச் சொல்லாததை இந்த எலும்புக்கூடு சொல்லிவிடுகிறது.

ஏனென்றால் மற்ற இடங்களில் கண்ணாடி எங்கிருந்து வந்தது, நாற்காலி எங்கிருந்து வந்தது என்ற கதைதான் அதிகம். அதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஊரின் கிழக்குப் பக்கம் 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்' என்ற திடலுக்குப் போக வேண்டும். தென் மாநிலங்களின் மிகப் பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று இங்கே நடந்தது. பெரிதாகக் கட்டடம் எதுவும் இல்லை. சில தகவல் பலகைகள், தரையில் கான்கிரீட்டில் பதித்த கால்விலங்குகள். இப்போது தேசியப் பூங்காத் துறையின் கையில் வந்திருக்கிறது, நல்லது. அதே துறை நகரத்துக்குள் வில்லியம் ஜான்சன் வீட்டையும் பராமரிக்கிறது. இவர் விடுதலை பெற்ற கறுப்பின முடிதிருத்துநர். பதினாறு ஆண்டு நாட்குறிப்பு எழுதியவர். தாமே அடிமைகளை வைத்திருந்தவரும்கூட. இந்த இரண்டு இடங்களையும் பார்க்காமல் மாளிகைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் நாச்செஸைப் பார்த்ததாகவே கணக்கில்லை.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் இங்கே தங்கச் சொல்லவில்லை? நாச்செஸ் பகலில் தன்னை முழுக்கக் கொடுத்துவிடுகிறது. இருட்டியபின் நல்ல சாப்பாடு, ஒரு நடை. அதற்கு மேல் அந்த ஊர் உங்களிடம் எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை. படத்தில் பார்த்தது அப்படியே நேரிலும் இருக்கும், குறையாமல், கூடாமல்.

விக்ஸ்பர்க்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1863-ல், உள்நாட்டுப் போரில், வடதரப்புத் தளபதி கிராண்ட்டின் படை 47 நாள் முற்றுகையிட்ட ஊர். குண்டுக்குப் பயந்து மக்கள் குன்றுகளில் குகை தோண்டிக் குடியிருந்தார்கள். ஜூலை 4-ம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்றே, ஊர் சரணடைந்தது. அந்தப் போர்க்களம் இப்போது தேசியப் பூங்கா. 16 மைல் சுற்றுச்சாலையில் 1,400-க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் அங்குள்ள யுஎஸ்எஸ் கெய்ரோவை விடவே கூடாது. 1862 டிசம்பரில் யாசூ ஆற்றில் கண்ணிவெடியில் சிக்கிப் பன்னிரண்டே நிமிடத்தில் மூழ்கிய இரும்புக் கவசப் படகு. ஒருவர்கூடச் சாகவில்லை. நூறு ஆண்டு சேற்றில் கிடந்ததை 1960-களில் மேலே தூக்கி, மாலுமிகளின் சாமான்களோடு வைத்திருக்கிறார்கள். கோகோ கோலாவை முதன்முதலில் பாட்டிலில் அடைத்ததும் இந்த ஊரில்தான், 1894-ல். அந்தக் கடை இன்று சின்ன அருங்காட்சியகம்.

எல்லாம் பகல் வேலை. பூங்கா மாலையில் மூடிவிடும். அப்புறம் ஆற்றோரக் கேசினோக்கள்தான். மூன்று மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம், அறை எடுக்கத் தேவையில்லை.

கிளார்க்ஸ்டேல்

முதல் பார்வையில் இந்த ஊர் யாரையும் கவராது. அதையும் சொல்லிவிட வேண்டும். டவுன்டவுனில் பலகை அடித்த கடைகள், உதிர்ந்த பெயின்ட், காலியான முழுத் தெருக்கள். வண்டியை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும். நிறுத்துங்கள்.

ஊர் ஏன் இப்படி ஆனது என்பதற்கும், உலகம் ஏன் இந்த ஊரைத் தேடி வருகிறது என்பதற்கும் காரணம் ஒன்றேதான். ஊரைச் சுற்றியுள்ள மிசிசிப்பி டெல்டா என்ற சமவெளியின் பருத்தி முழுக்க மனிதக் கையால் பறிக்கப்பட்டது. அடிமை முறை ஒழிந்த பிறகும் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக்குத்தகையும் கடனுமாகக் கறுப்பின மக்களை அதே வயலில் கட்டிப்போட்டிருந்தார்கள். 1944-ல் ஊருக்கு வெளியே ஹாப்சன் பண்ணையில் விதைப்பிலிருந்து பறிப்புவரை முழுக்க இயந்திரத்தாலேயே பருத்தி விளைவித்துக் காட்டினார்கள். வேலை போனது. ஏற்கெனவே வடக்கே ரயிலேறிக்கொண்டிருந்த கூட்டம் இன்னும் பெருகியது. போனவர்கள் ப்ளூஸ் என்ற தங்கள் பாட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அப்படி 1943-ல் சிகாகோவுக்குப் போன ஒரு டிராக்டர் ஓட்டுநர்தான், பின்னாளில் புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ்.

1918-ல் கட்டிய ரயில்வே சரக்கு நிலையம் இன்று டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம். ஸ்டோவல் பண்ணையில் மடி வாட்டர்ஸ் குடியிருந்த வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து அதற்குள்ளேயே நிறுத்தியிருக்கிறார்கள். சைப்ரஸ் மரச் சுவர்கள். உள்ளே நின்றால் வீடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சிறியது. 1941-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு தேடிவந்தது இந்த வீட்டு மனிதரைத்தான். நாச்செஸின் மாளிகைகளையும் இந்தப் பலகைச் சுவரையும் ஒரே பயணத்தில் பார்த்தால், இரண்டும் ஒரே பருத்தியில் கட்டியவை என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

அருங்காட்சியகத்திலிருந்து சன்ஃபிளவர் ஆற்றுப் பக்கம் போனால் ரிவர்சைட் ஹோட்டல். முன்பு இது கறுப்பினத்தவருக்கான மருத்துவமனை. 1937-ல் ஹைவே 61-ல் விபத்துக்குள்ளான பாடகி பெஸ்ஸி ஸ்மித் இங்கேதான் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் செத்துப்போனார் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அவரை நேராக இங்கேதான் கொண்டுவந்தார்கள் என்பதே ஆய்வாளர்கள் ஏற்கும் செய்தி. 61-ம் 49-ம் சந்திக்கும் இடத்தில் நீல கிதார்கள் மாட்டிய கம்பம் இருக்கிறது. ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வித்தை கற்றதாகச் சொல்லும் கதையின் சந்திப்பு. ஒரு படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். இந்த ஊரின் பெருமை சாத்தானிடமிருந்து வரவில்லை, வயலில் வேலை செய்த மனிதர்களிடமிருந்து வந்தது.

இரவுதான் விஷயம். வாரத்தில் ஏழு நாளும் எங்காவது பாட்டு உண்டு என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். வெள்ளி, சனி என்றால் கவலையே இல்லை. நடிகர் மார்கன் ஃப்ரீமன் பங்குதாரராக இருந்து 2001-ல் தொடங்கிய கிரவுண்ட் ஜீரோ ப்ளூஸ் கிளப் பெரியது, குடும்பத்தோடு போக வசதியானது. ஆனால் பழைய பாணி ஜூக் ஜாயின்ட் ஒன்றில், அதாவது கறுப்பின மக்கள் குடித்துப் பாட்டுக் கேட்கும் எளிய கூடத்தில், ஒரு மணி நேரமாவது உட்காருங்கள். வாசலில் ரொக்கமாக நுழைவுக் கட்டணம். உள்ளே தாழ்ந்த கூரை, சிவப்பு பல்பு வெளிச்சம். மேடை கிடையாது, தரையில் ஒரு பழைய விரிப்பு, அதன்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு பெரியவர் வாசிக்கிறார். கட்டைவிரல் கீழ்த்தந்தியில் ஒரே சுருதியை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கிறது. மற்ற விரல்கள் அதன்மேல் கேள்வி கேட்கின்றன, பதில் சொல்கின்றன. பாட்டுக்கு நடுவே நிறுத்தி, முன்வரிசையில் இருப்பவரிடம் ஊர்ச்சங்கதி பேசுகிறார், மறுபடி அதே இடத்தில் பிடிக்கிறார். பக்கத்து மேசையில் ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள், அதற்கடுத்து பக்கத்துத் தெருக்காரர்கள். நாங்கள் போய் உட்கார்ந்ததும் ஒரு மூத்த பெண்மணி நாற்காலியை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, "எங்கேருந்து வர்றீங்க கண்ணு? சாப்பிட்டாச்சா?" என்கிற தொனியில் விசாரித்தார். பதிலை உண்மையாகவே கேட்டுக்கொண்டார். டிக்கெட் வாங்கி வந்த பார்வையாளர் என்ற நினைப்பு அந்தக் கணமே போய்விட்டது. மற்ற இரண்டு ஊர்களும் நல்ல விருந்தோம்பல் உள்ளவைதான். ஆனால் ஊர்க்காரர்களின் சனிக்கிழமை இரவுக்குள் நம்மை உட்கார வைத்தது கிளார்க்ஸ்டேல் மட்டும்தான்.

அறையை டவுன்டவுனிலேயே போடுங்கள். இருட்டியபின் தெருவில் ஆள் நடமாட்டம் குறைவு. நடக்கும் தூரத்தில் இருப்பது நிம்மதி. பழைய குத்தகை உழவர்களின் குடிசைகளையே விடுதி அறைகளாக்கித் தருவதும் இந்தப் பக்கம் உண்டு, பலர் விரும்பிப் போகிறார்கள். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. ஏப்ரலில் ஜூக் ஜாயின்ட் திருவிழா சமயத்தில் போவதானால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம்.

சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிளார்க்ஸ்டேல்தான். டெல்டாவின் தனிச்சிறப்பு ஹாட் டமாலே: சோளமாவுக்குள் காரமான இறைச்சி வைத்து, சோளத்தோகையில் சுற்றி, மசாலாத் தண்ணீரில் வேகவைப்பது. நம்மூர்க் காரக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களிடம் கறுப்பின உழவர்கள் கற்றுக்கொண்டது என்பார்கள். 61-49 சந்திப்பில் இருக்கும், 1924-ல் தொடங்கிய ஏப்ஸ் பார்பிக்யூவைத் தொடங்கியவர் லெபனானிலிருந்து வந்தவர். இந்த ஊரில் லெபனான் குடும்பங்கள் பல, அதனால் கோதுமையும் இறைச்சியும் சேர்த்துச் செய்யும் அவர்களுடைய கிப்பேயும் கிடைக்கும்.

சைவக்காரர்களுக்கு மூன்று ஊருமே சோதனைதான். கீரை, பீன்ஸ் என்று பட்டியலில் பார்த்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள், பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள். கேட்டு வாங்குங்கள். பொரித்த வெண்டைக்காய், மேக் அண்ட் சீஸ், சர்க்கரைவள்ளி ஓரளவு காப்பாற்றும். இந்த ஒரு விஷயத்தில் நாச்செஸும் விக்ஸ்பர்க்கும் பரவாயில்லை. கிளார்க்ஸ்டேலுக்குப் போகிறவர்கள் மெம்ஃபிஸிலேயே புளியோதரை கட்டிக்கொள்வது உத்தமம்.

போட்டியில் இல்லாத ஊர்

விக்ஸ்பர்க்குக்கும் நாச்செஸுக்கும் நடுவே போர்ட் கிப்சன். ஆயிரத்து முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். யாரும் இங்கே தங்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் வேகத்தைக் குறைத்து ஊருக்குள் நுழைந்தால், பிரெஸ்பிட்டேரியன் தேவாலயக் கோபுர உச்சியில் சிலுவைக்குப் பதில் பொன்னிறத்தில் ஒரு பெரிய கை, ஆட்காட்டி விரலால் வானத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே தொங்கும் விளக்குகள் ராபர்ட் இ. லீ என்ற நீராவிப் படகிலிருந்து வந்தவை. அதே தெருவில் 1890-களில் கட்டிய யூத வழிபாட்டுக்கூடம், மிசிசிப்பியிலேயே பழையது. போரின்போது இந்த ஊரைப் பார்த்து, எரிப்பதற்கு மனம் வராத அழகு என்று கிராண்ட் சொன்னதாக ஊரே சொல்லும்.

எனக்கு அதைவிடப் பெரியது வேறொன்று. 1966-ல் இந்தக் குட்டி ஊரின் கறுப்பின மக்கள் ஒன்றுசேர்ந்து வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். கடைக்காரர்கள் வழக்குப் போட, புறக்கணித்தவர்கள் கீழ் நீதிமன்றங்களில் தோற்று, 1982-ல் உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்தார்கள். அமைதியான புறக்கணிப்பு அரசியல் சட்டம் காக்கும் உரிமை என்று நாட்டுக்கே தீர்ப்பு வாங்கிக் கொடுத்த கடைத்தெரு இது. ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் மரங்களுக்கு நடுவே விண்ட்சர் மாளிகையின் இடிபாடு. 1890 தீயில் எல்லாம் போய் 23 தூண்கள் மிச்சம். டிக்கெட் வரிசை எதுவும் கிடையாது.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள், சத்தமான அறையில் ராத்திரி பதினொரு மணிவரை உட்கார முடியாதவர்கள், என் பேச்சைக் கேட்காமல் நாச்செஸிலேயே தங்கிக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் அசேலியா பூத்திருக்கும்போது அது நல்ல முடிவுதான். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து மெம்ஃபிஸிலிருந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் கிளார்க்ஸ்டேல். சனி காலை அருங்காட்சியகம் பார்த்துவிட்டு, புளியோதரையைக் காரிலேயே முடித்துக்கொண்டு, விக்ஸ்பர்க்கை அடுத்த பயணத்துக்கு விட்டுவிட்டு நேரே போர்ட் கிப்சனில் இறங்குங்கள். அங்கே ஒரு மணி நேரம். கோடைக்காலம் என்றால் இருட்டுவதற்குள் நாச்செஸ் மேட்டில் ஒரு நடை நடந்து, அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேர்ந்துவிடலாம்.